கஞ்சிராவின் தட்டும் கணினியின் திருகும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)



நம் பள்ளி மணியை அடித்தவுடன் "டங்" என்று ஓர் ஒலி எழுகிறது. பின்னர் அது "ங்ங்" என்று நீண்டு, தேய்ந்து, மறைகிறது. அந்த முதல் "ட" மட்டும் இல்லாவிட்டால் அது மணியோசைதான் என்று நமக்குத் தெரியுமா? 1948-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர் என்பவர் மணியோசையைப் பதிவு செய்து, அதன் தொடக்கத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கேட்டார். மணி, குழல் போல ஒலித்ததாம். நானும் நம் பள்ளி மணியைக் கைப்பேசியில் பதிந்து, கணினியில் முதல் கீற்றை வெட்டிவிட்டுத் தோழியர் மூவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒருத்தி ஆர்மோனியம் என்றாள். மற்றவள் சங்கு என்றாள். மூன்றாமவள் பேருந்து ஹாரன் என்று சொல்லிச் சிரித்தாள். மணி என்று ஒருத்தியும் சொல்லவில்லை!

இவ்வாறு ஓர் ஒலி பிறக்கும் நொடிப்பொழுதில் தோன்றி மறையும் வேகமான பகுதியை ஒலிப்பதிவுத் துறையினர் டிரான்சியன்ட் என்பர். நாம் அதைத் "தட்டு" என்றே வைத்துக்கொள்வோம். தாள வாத்தியங்களில் அது ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளே நீடிக்கும். அதைத் தொடர்ந்து வருவதை "நீட்சி" எனலாம். இவ்விரண்டையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு கணினிக் கருவியைப் பற்றியே இக்கட்டுரை. அதை நான் தேடிக் கற்றதற்குக் காரணம் என் தாத்தா.

தாத்தா கஞ்சிரா வாசிப்பவர். நம் புதுக்கோட்டைக்கும் கஞ்சிராவுக்கும் உள்ள உறவை அறியாதார் இருக்கலாம். பஜனைகளில் தட்டப்பட்டு வந்த இச்சிறு வாத்தியத்தைக் கர்நாடக இசைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் என்று போற்றப்படுபவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. மான்பூண்டியா பிள்ளை என்றும் அவரைக் கூறுவர். அவருடைய சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரும்புகழ் பெற்றார். கஞ்சிராவின் வளையம் பலா மரத்தில் செய்யப்படுவது. பலாவுக்கு ஆலங்குடிப் பக்கம் பஞ்சமா என்ன! முன்பு உடும்புத் தோல் கட்டினார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காப்பதால் இப்போது ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் கட்டுகிறார்கள். தாத்தாவுடையது ஆட்டுத் தோல்.

வளையத்தின் பிளவில் உள்ள சிறு காசுகள் தட்டும்போது "சல்" என்கின்றன. அது வலக்கையின் வேலை. இடக்கை வாத்தியத்தைப் பிடித்திருப்பதற்கு மட்டும் என்றே நான் வெகு நாள் எண்ணியிருந்தேன். அப்படியன்று. தோலின் உட்புறம் சிறிது தண்ணீர் தடவி அதைத் தளர்த்திக்கொண்டு, வலக்கை தட்டிய மறுகணம் இடக்கை விரல்கள் தோலை விளிம்பருகே அழுத்துகின்றன. அப்போது "தூம்" என்னும் தாழ்ந்த நாதம் வளைந்து மேலேறுகிறது. அந்த வளைவு தட்டில் இல்லை, நீட்சியில்தான் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நான் முதலிலேயே அறிந்திருந்தால் இரண்டு வாரம் வீணாகியிராது.

சென்ற ஆண்டுப் பெற்றோர் தின விழாவில் நம் பாடகர் குழுவுக்குத் தாத்தா கஞ்சிரா வாசித்தார். என் பெரியம்மா மகன் பாடகியருக்கு ஒன்றும் தாத்தாவுக்கு ஒன்றுமாக இரண்டு மைக் வைத்து, தனித்தனித் தடங்களில் பதிவு செய்தார். வீட்டில் போட்டுக் கேட்டபோது கஞ்சிரா, சாக்குப் பைக்குள் வைத்துத் தட்டியதுபோல் இருந்தது. காரணம் நம் மண்டபமே. ஒன்பதாம் வகுப்பில் எதிரொலி பற்றிப் படித்தோம் அல்லவா? மேடையிலிருந்து பின்சுவர் ஏறக்குறைய 25 மீட்டர். ஒலி போய்த் திரும்ப 50 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் எனக் கொண்டால், ஏறக்குறைய 0.15 நொடியில் எதிரொலி வந்து சேரும். தாத்தாவோ வேகமான இடங்களில் நொடிக்கு எட்டுத் தட்டுகள் தட்டுபவர். ஒரு தட்டுக்கு 0.125 நொடி. ஆகவே ஒரு தட்டின் எதிரொலி அடுத்த தட்டின் மேலேயே வந்து விழுகிறது! ஒலியளவைக் கூட்டிப் பார்த்தோம். எதிரொலியும் சேர்ந்தே கூடியது.

மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் விழா முடிந்த மூன்றாம் வாரம் தாத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் விரல்களுக்குப் பழைய வேகம் வரவில்லை. இருப்பது அந்த ஒரு பதிவுதான்.

அப்போது அண்ணன் காட்டியதே டிரான்சியன்ட் ஷேப்பர் என்னும் பிளக்-இன். ஒலிப்பதிவு மென்பொருளுடன் இணைத்துக்கொள்ளும் துணை மென்பொருளையே பிளக்-இன் என்கிறார்கள். ஜெர்மனியின் எஸ்.பி.எல். நிறுவனம் 1998-இல் டிரான்சியன்ட் டிசைனர் என்ற பெயரில் இதை ஒரு மின்கருவிப் பெட்டியாக வெளியிட்டது. இப்போது பல நிறுவனங்கள் இத்தகைய மென்பொருளைத் தருகின்றன. பார்த்தால் இரண்டே திருகுகள்: அட்டாக், சஸ்டெய்ன். தட்டுக்கு ஒன்று, நீட்சிக்கு ஒன்று.

தட்டு எது, நீட்சி எது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க உள்ளே இரண்டு காவலர்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் சுறுசுறுப்பானவர், ஒலி எழும்பியவுடன் தாமும் எழுவார். மற்றவர் மந்தமானவர், மெல்லத்தான் எழுவார். மெல்லிய ஒலியோ உரத்த ஒலியோ, அது திடீரென எழும்போது இருவருக்குமிடையே ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் தட்டு. அட்டாக் திருகைக் கூட்டினால் அந்த இடைவெளி உள்ள பொழுதில் மட்டும் ஒலி உயரும். நீட்சியைக் கண்டறிவதும் இத்தகைய ஒப்பீட்டினால்தான். கம்ப்ரெஸர் எனப்படும் வேறொரு கருவி, ஒலி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் வேலை செய்யும். இதற்கு அந்த எல்லை வேண்டியதில்லை. தாத்தாவின் மெல்லிய தட்டையும் ஓங்கிய தட்டையும் ஒன்றுபோலவே கண்டுகொள்கிறது.

எனக்கு ஒரே குதூகலம். அட்டாக்கை 12 டெசிபெல் கூட்டினேன். 6 டெசிபெல் என்றாலே ஒலியலையின் உயரம் இரு மடங்கு. 12 என்றால் நான்கு மடங்கு. அலையின் உச்சி கணினியின் எல்லையை முட்டி நொறுங்கி, கஞ்சிரா தட்டில் கரண்டி விழுந்ததுபோல் ஆயிற்று. அதைக் குறைத்துக்கொண்டு சஸ்டெய்னை நன்றாக இறக்கினேன். எதிரொலியும் நீட்சியில் தானே இருக்கிறது? அது அடங்கியது. ஒவ்வொரு தட்டும் முத்து முத்தாக விழுந்தது. பெருமையுடன் தாத்தாவிடம் ஓடினேன்.

தாத்தா கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு, "வலது கை நல்லா கேக்குதும்மா. இடது கை எங்கே?" என்றார்.

எதிரொலியைத் துடைக்கப் போய் அந்தத் "தூம்" என்னும் வளைவையும் சேர்த்துத் துடைத்துவிட்டேன்! நீட்சியைக் குறைக்கும் திருகுக்கு மண்டபத்தின் நீட்சியும் தாத்தாவின் நீட்சியும் ஒன்றே. அதைப் பிரித்தறியும் காது அதற்கு இல்லை. நம் மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில் சுரங்களை வரிசை வரிசையாகப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். சுற்றுலா சென்றபோது பார்த்தோமே, அதேதான். சுரம் கல்லில் இருக்கிறது. அது எப்படி எழுந்து எப்படி அடங்கிற்று என்பது கல்லில் இல்லை. எங்களிடம் இருந்ததையோ நானே அழித்துக்கொண்டிருந்தேன்.

பின்னர் அண்ணனும் நானும் கஞ்சிராத் தடத்தை இரு நகல்களாக்கினோம். ஒன்றில் 1000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி மட்டும். காசுகளின் "சல்", விரலின் கூர்மை எல்லாம் அதில் சேர்ந்தன. மற்றதில் அதற்குக் கீழ்ப்பட்டது; "தூம்" அதில் நின்றது. மேல் நகலில் மட்டும் அட்டாக்கை 4 டெசிபெல் கூட்டி, சஸ்டெய்னைச் சிறிது குறைத்தோம். கீழ் நகலைத் தொடவே இல்லை. எதிரொலி முழுதும் போகவில்லைதான். ஆயினும் இரண்டு கைகளும் கேட்டன.

இம்முறை தாத்தா இரண்டு தடவை கேட்டார். "ரெண்டாம் சரணத்துல ஒரு தட்டு தப்பியிருக்கேன், அதை எடுத்துடு" என்றார். இந்தத் திருகு ஒலியின் வடிவைத்தான் மாற்றும், தாளத்தைத் திருத்தாது, அதற்கு வேறு வழி தேட வேண்டும் என்றேன். "அப்ப கிடக்கட்டும் விடு" என்று காப்பி குடிக்கப் போய்விட்டார்.

பாடல் நம் பள்ளி நூலகக் கணினியில் இருக்கிறது. கேட்க விரும்பும் தோழியர் ஹெட்போன் அணிந்து கேளுங்கள். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் வலக்கை மட்டும்தான் கேட்கும்.