தட்டும் நோட்டும்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தண்ணீர்த் தொட்டி, அதற்கொரு மோட்டார், இரண்டாம் வகுப்புக்கு இரண்டு மின்விசிறி என்று நீ போட்டிருந்த பட்டியலைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் கீழே இருந்த வரிதான் என்னை எழுதவிடவில்லை. “கல்யாண வீட்டில் ஆயிரம் ஆயிரமாக மொய் வைக்கிறார்கள் ஐயா, பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது ரூபாய் கேட்டால் முகம் சுருங்கிவிடுகிறது. இந்த ஊர்ச் சனங்களுக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை.”

ஆசிரியர் அறைகளில் முப்பது வருடம் நான் கேட்டுச் சலித்த பேச்சு இது. உன் கையெழுத்திலும் அதைப் பார்த்தபோது கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். படிப்பின் அருமை தெரியாதவர்களா பிள்ளைக்குத் தலைவாரி, வேலைக்குப் போகும் அவசரத்திலும் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள்? கட்டாய வசூல் கூடாது, ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நீயே எடுத்துச் சொன்ன மொய்யைப் பற்றிப் பேசலாம்.

அடுத்த கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடாமல் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் நில். புது நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. எழுதுகிறவர் தலை நிமிராமல் “ஊரு?” என்பார். ஊருக்குப் பிறகுதான் பேர். தொகையைப் பக்கத்தில் இருப்பவர் எண்ணி, வாய்விட்டுச் சொல்லிப் பையில் போடுவார். கொடுத்தவர் உடனே நகர மாட்டார். சற்றே குனிந்து, தன் பேருக்கு முன்னால் இனிஷியல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட, “என் பேரன் பேரையும் சேர்த்துப் போடுப்பா” என்று சொல்லி, பேனா நகர்வதைக் கவனித்துக்கொண்டே நிற்பாள். அன்று இரவே கூட்டல் முடிந்துவிடும். அந்த நோட்டு பீரோவில் நகைக்குப் பக்கத்தில் இருக்கும், இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்ப்பார்கள். புதுக்கோட்டையிலும் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக வைக்கிறார்கள். பல பேர் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, ஆட்டுக்கறி விருந்து வைத்து, ஆளுக்கொரு மேசையில் நோட்டைத் திறந்துகொண்டு உட்காருவார்கள். அங்கே வரும் பெருந்தொகைக்கு அந்த நோட்டுதான் சாட்சி.

நம் மக்கள் எங்கே மனம் கோணாமல் கொடுக்கிறார்கள் என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன். கொடுத்தது கண்ணெதிரே எழுதப்படும் இடத்தில், அது என்ன ஆயிற்று என்று கேட்காமலே தெரியும் இடத்தில் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் வாங்கும் ஐம்பது ரூபாய் எங்கே போயிற்று என்று எந்தத் தகப்பனுக்கும் நாம் சொன்னதில்லை. அவர் முகம் சுருங்குவது அதனால்தான்.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் இதைச் செய்து பார்த்தேன். வெளிச்சுவரில், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி மூன்றடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, வரவு, செலவு, இருப்பு என்று மூன்று கட்டம் போட்டேன். மின்விசிறி வாங்கிய விலை, அதை மாட்டிய எலெக்ட்ரீஷியன் கூலி, அவருக்கு வாங்கிக் கொடுத்த டீ உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். டீயை எழுத வேண்டாம், பார்க்க நன்றாக இருக்காது என்றார் உடன் வேலை பார்த்தவர். எழுதத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் இருப்பு 140 ரூபாய். மறுநாள் காலையில் கட்டட வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திய ஒருவர், பலகையை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு உள்ளே வந்தார். அறுபது ரூபாயை நீட்டி, “இருநூறா எழுதிக்குங்க சார், முழுசா இருக்கட்டும்” என்றார். அவருடைய பிள்ளை எங்கள் பள்ளியில் படித்து முடித்து நாலு வருடம் ஆகியிருந்தது.

மொய் நோட்டில் ஒரு குறையும் உண்டு. அங்கே தொகை பேசும். ஆயிரம் வைத்தவருக்குப் பின்னால் நிற்கும் கூலிக்காரருக்கு நூறு ரூபாயை நீட்டக் கை கூசும். பள்ளிக்கூடத்தில் அந்தக் கூச்சம் வரவே கூடாது. ஆகவே நோட்டில் தொகை இருக்கட்டும், மைக்கில் வேண்டாம். பலகையில் மொத்த வரவு போதும், ஆள்வாரியாக வேண்டாம்.

இந்தக் கூச்சம் இல்லாமல் ஊரிடம் கேட்பதற்கு வழி காட்டியவர் நெ. து. சுந்தரவடிவேலு. அவருடைய ‘நினைவு அலைகள்’ மூன்று பாகத்தையும் நான் முதலில் படித்தது ஒரு கோடை விடுமுறையில். அதன்பிறகு எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் அதைக் கட்டாயப் பாடமாக வைக்காததில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது இவர் கல்வித்துறை இயக்குநர். மதிய உணவு தொடங்கிய காலத்தில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு ஆகும் 10 காசில் 6 காசை அரசு கொடுக்கும், 4 காசு ஊர் கொடுக்கும். அந்த ஊர்ப் பங்கை அரிசியாகவும் விறகாகவும் காய்கறியாகவும் கொடுத்தவர்கள் உண்டு. பிறகு 1958-இல், அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாட்டு இயக்கம் தொடங்கியது. அந்த இயக்கத்தின் நடைமுறையைக் கவனி. முதலில் பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு ஊராரிடம் போனார்கள். ஊர் தந்ததை ஊர் பார்க்க மாநாட்டில் ஒப்படைத்தார்கள். பெஞ்சு, மணி, கடிகாரம், நிலப்படம், சிலர் நிலமே கொடுத்தார்கள். இப்போது இருப்பதைவிட வறுமை கொடுமையாக இருந்த காலம், மகளே. அந்த மக்களுக்கும் ‘படிப்பின் அருமை தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அந்த வழியில் வந்ததுதான் இன்று பல ஊர்களில் நடக்கும் கல்விச் சீர். தாய்மாமன் சீர் போலவே தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், மேளம், குலவை. தட்டில் மட்டும் நோட்டு, பென்சில், சாக்பீஸ், சுவர்க் கடிகாரம். பின்னால் ஆட்டோவில் பீரோ வரும். நான் பார்த்த ஒரு சீரில் ஓர் ஆயா இரண்டு சாக்பீஸ் பெட்டியை நடுவில் வைத்து, சுற்றிலும் செவ்வந்திப் பூவை அடுக்கித் தட்டை நிறைத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மின்விசிறி வாங்கிய கடைக்காரர் வீட்டுப் பெண். இரண்டும் ஒரே அளவுத் தட்டு. ஊர்வலம் பார்த்தவர்களுக்கு யார் வந்தார்கள் என்றுதான் தெரிந்ததே தவிர, யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் உலை வைக்கும்போது தருமத்துக்கென ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் வழக்கமும் இப்படித்தான். பிடியை யாரும் அளப்பதில்லை.

பணம் திரட்ட நீ யோசித்திருக்கும் குலுக்கல் சீட்டுக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். 2003-இல் லாட்டரியையே தடை செய்த மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளி சீட்டுக் கிழித்து விற்பதா? அதிலும் பிள்ளைகள் கையில் கொடுத்து! நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது கொடிநாளுக்கு ஆளுக்குப் பத்துக் கொடி கொடுத்து விற்றுவரச் சொன்னார்கள். என்னால் மூன்றுதான் விற்க முடிந்தது. மீதி ஏழு கொடியையும் சட்டையில் வரிசையாகக் குத்திக்கொண்டு இடைவேளை முடியும்வரை கொடிக்கம்பத்தடியில் நின்றேன். அன்று மாலை என் அம்மா பக்கத்து வீட்டில் கடன் வாங்கி அந்த ஏழையும் வாங்கினாள். எந்த நல்ல காரியத்துக்கும் பிள்ளையைத் தண்டல்காரனாக அனுப்பாதே. வேண்டுமானால் பிறந்தநாளுக்கு வகுப்பில் மிட்டாய் கொடுக்கும் வீடுகளிடம், அந்தக் காசில் நூலகத்துக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுக்கச் சொல்லலாம். கூடுதல் செலவில்லை என்பதால் யாருக்கும் அது பாரமில்லை.

இனி உன் காரியம். தொட்டி பெரிய வேலை. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விவரம் கேள். மோட்டாரையும் விசிறியையும் சீர்ப் பட்டியலில் சேர். பட்டியலில் பத்து ரூபாய்ப் பொருளிலிருந்து எல்லாம் இருக்க வேண்டும். அப்போதுதான் எவரும் வெறுங்கையோடு நிற்க நேராது. கொத்தனார், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் வேலை தெரிந்த தகப்பன்மார் இருப்பார்கள். அவர்களிடம் பணம் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதில் கணக்கில் கறாரான ஓர் அம்மாவிடம் நோட்டைக் கொடு. ஆசிரியர் கையில் நோட்டும் இருக்கக் கூடாது, பணமும் இருக்கக் கூடாது.

ஜூனில் கேட்காதே. மூத்த பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மாவின் நகை அப்போதுதான் அடகுக் கடைக்குப் போயிருக்கும். உங்கள் பக்கம் சம்பா அறுவடை முடிந்து நெல்லுக்குப் பணம் கைக்கு வருவது தைக் கடைசியா, மாசியா என்று விசாரித்து எழுது. நாள் தெரிந்தால் பஸ் ஏறி வருவேன். பட்டியலில் யாரும் தொடாத பொருள் எது என்றும் எழுது, என் தட்டில் அது வரட்டும்.

அன்புடன்,
உன் பழைய தலைமையாசிரியர்