குழாய் மூலம் செயன்முறைகளை இணைத்தல்

இரணைமடுக் குளத்தின் துருசைத் திறந்தால், குளம் வற்றும்வரை வயல் காத்திருப்பதில்லை. தண்ணீர் வர வரப் பாய்கிறது. கணினியில் ‘குழாய்’ என்பதும் இவ்வாறானதே. ஒரு செயன்முறையின் வெளியீடு, இடையில் கோப்பொன்றில் சேமிக்கப்படாமல் மற்றதன் உள்ளீடாகிறது. இரண்டும் ஒரே வேளையில் இயங்கும். (செயன்முறை: இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரல்.)

தோட்டக் குழாய்களைப் போலச் செய்நிரல்களையும் பொருத்த வழி வேண்டும் என டக் மக்கில்ரோய் 1964 இல் எழுதினார். கென் தொம்சன் 1973 இல் அதனை யுனிக்சில் அமைத்தார்.

வினா: பைதன் செய்நிரலொன்று வேறொரு செய்நிரலைக் குழாயுடன் தொடக்கி, ‘வெயிற்’ மூலம் அது முடியும்வரை காத்திருக்கிறது, அதன் பின்னரே வெளியீட்டை வாசிக்கிறது. சிறிய தரவுக்குச் சரியாக இயங்கியது, பெரிய தரவுக்கு வழுச்செய்தி எதுவுமின்றி உறைந்து நிற்கிறது. காரணம் யாது?

விடை: குழாய்க்குக் கொள்ளளவு உண்டு, லினக்சில் வழமையாக 65,536 பைற்று. அது நிரம்பியதும் எழுதும் சேய்ச் செயன்முறை தடைப்படும். வாசித்து இடம் உண்டாக்கவேண்டிய தாய்ச் செயன்முறையோ, சேய் முடியட்டும் எனக் காத்திருக்கிறது. இரண்டும் நகரா. இது முட்டுக்கட்டை நிலை.

‘நினைவகம் போதாது’ என எழுதிவிடாதீர்கள். எவ்வளவு நினைவகம் இருந்தாலும் இது நிகழும். முதலில் வாசித்து, பின்னர் காத்திருத்தலே தீர்வு. பைதனின் ‘கொமியூனிகேற்’ இரண்டையும் செய்யும்.

செய்து பார்க்க: லினக்சில், சேய்ச் செயன்முறை முதலில் 65,536 ஆங்கில எழுத்துகளையும், அடுத்த முறை 65,537 ஐயும் வெளியிடச் செய்க. புதுவரிக் குறியையும் எண்ணிக்கையிற் சேர்க்க. தமிழ் எழுத்து வேண்டாம். யுனிக்கோட் யூரிஎப்-8 இல் ‘க’ மட்டுமே 3 பைற்று.