காண்டாரைக் காப்பாத்தினோம், பேனை?

நண்பா, ஒட்டுண்ணின்னு சொன்னதும் முகம் சுளிக்காதே. மாமரத்துப் புல்லுருவி, காக்கா கூட்டில் முட்டையிடும் குயில், ரெண்டுமே அந்த வகைதான்.

சாக்குலினாவைப் பார். பாறையில் ஒட்டும் கொட்டலசுக்கு உறவு. நண்டின் உடம்புக்குள் வேர் மாதிரி பரவி, அதன் இனப்பெருக்கத்தையே நிறுத்திவிடும். அப்புறம் நண்டு முட்டை சுமக்கும் இடத்தில் தன் பையை வெளியே நீட்டும். நண்டும் தன் முட்டையென்று நினைத்துப் பராமரிக்கும். ஆண் நண்டுகூட! இப்படி ஒரு டிசைனை நம்ம லேபில் பார்த்திருக்கியா?

பல ஒட்டுண்ணிகளுக்கு ஒரே ஒரு ஓம்புயிர்தான். சிக்கலே அங்கதான். கலிபோர்னியா காண்டார் என்ற பிணந்தின்னிக் கழுகைக் காப்பாற்ற, 1987இல் காட்டில் மிஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்தார்கள். மருந்து போட்டுப் பேன் நீக்கினார்கள். காண்டாரில் மட்டுமே வாழ்ந்த ஒரு பேன் இனம் அதோடு போச்சு. இப்போ காண்டார்கள் மறுபடி காட்டில் பறக்கின்றன, அந்தப் பேன் இல்லாமல்.