பருவமும் இதயமும்

நாமக்கல் வட்டாரத்து மாணவர்கள் ஒரு செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆராய்ச்சி நிலையம், வரும் நாட்களில் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று கூறி, கோழிப் பண்ணையாளர்களுக்கு ஆலோசனையும் வழங்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. வெயில் ஏறினால் வாயைத் திறந்து இரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே பண்ணையாளர் வானிலையைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கிறார்.

நம் வீட்டுத் தாத்தா, பாட்டிக்கு வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஆனாலும் பருவ மாற்றம் அவர்களுக்கும் ஒரு சோதனையே. குளிர் மாதங்களிலும் கடும் வெப்ப அலை நாட்களிலும் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இதற்குக் காரணம் என்ன? விடையில் பாதி உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

குளிரில் நடப்பது

நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். குளிர்காற்று பட்டவுடன், வெப்பம் வெளியேறாதபடி தோலுக்கு அடியிலுள்ள சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சிறிது சுருங்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இங்கேதான் பாய்சொய் விதி வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய், நுண்குழாய்களில் நீர்மம் பாய்வதை ஆராய்ந்தார். பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று கண்டார்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஆரம் 10 பங்கிலிருந்து 9 பங்காகக் குறைந்தால், 0.9 × 0.9 × 0.9 × 0.9 = 0.656. அதாவது, ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்! பழைய அளவே பாய வேண்டுமானால் அழுத்தம் ஒன்றரை மடங்காக வேண்டும். நம் குழாய்கள் இரும்புக் குழாய்கள் அல்ல. எல்லாம் ஒரே அளவில் சுருங்குவதும் இல்லை. ஆகவே அழுத்தம் அவ்வளவு ஏறாது. ஆனால் ஏறும் என்பது உறுதி. ஏற்கெனவே இரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு அந்தச் சிறு ஏற்றமே ஆபத்தாகலாம்.

சேலத்தில் உறைபனி இல்லையே என்று நினைக்க வேண்டாம். திடீர் மாற்றமும் உடலுக்குச் சுமைதான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர்கிறோம். வெப்பநிலை 7, 8 டிகிரி குறையக்கூடும். தை மாதத்தில் நாமக்கல்லிலிருந்து வடக்கே செல்லும் லாரி ஓட்டுநர் சில நாட்களிலேயே கடுங்குளிரைச் சந்திக்கிறார். மார்கழி விடியலில் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொள்பவருக்கோ அது ஒரு நொடியில் வந்துவிடுகிறது.

வெயிலில் நடப்பது

கோடையில் இதற்கு நேர்மாறு. வெப்பத்தை வெளியேற்றத் தோலின் குழாய்கள் விரிகின்றன. அங்கே கூடுதல் இரத்தத்தை அனுப்ப இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் இழந்த நீரைக் குடித்து ஈடு செய்யாவிட்டால் இரத்தம் கெட்டிப்படும். அதன் பாகுநிலை கூடும். கெட்டியான இரத்தம் கட்டியாக உறைய வாய்ப்பும் கூடும். முதியவர்களுக்குத் தாக உணர்ச்சி குறைவு என்பதையும் மறவாதீர்கள்.

வானிலை மட்டும் நோயை உண்டாக்குவதில்லை. இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, புகையிலை, கொழுப்பு ஆகியவை பல ஆண்டுகளாகக் குழாய்களைக் கெடுக்கின்றன. வானிலை கடைசித் தள்ளலைத் தருகிறது.

தடுப்பது எப்படி?

1. இரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ, கூட்டவோ, குறைக்கவோ கூடாது. பருவம் மாறும்போது அழுத்தத்தை அளந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து அளக்கிறார்கள்; மாத்திரையும் தருகிறார்கள்.

2. குளிர்நாட்களில் முதியவர்கள் வெதுவெதுப்பான நீரில் குளிக்கட்டும். வெயில் வந்தபின் நடைப்பயிற்சிக்குச் செல்லட்டும்.

3. கோடையில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும். இதயம், சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் அருந்த வேண்டும். உச்சி வெயிலில் வயல்வேலை வேண்டாம்.

4. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ளதும் இக்கணக்கில் சேரும். புகையிலை அறவே கூடாது.

அடையாளம் காணுங்கள்

சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா? பேச்சு குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பினால் வந்த பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எனவே தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். புறா இரத்தம் தேய்க்கலாம் என்று யாரேனும் சொன்னால், அந்த நேரத்தில் மூளை செல்கள் இறந்துகொண்டிருக்கின்றன என்று துணிந்து சொல்லுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, குளிர்ந்த வியர்வை, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். “வாய்வுப் பிடிப்புதான்” என்று பொழுதைக் கழிக்கக்கூடாது, அதற்கும் 108-தான்.

செய்து பாருங்கள்

பருமனான உறிஞ்சுகுழல் ஒன்று, மெல்லியது ஒன்று எடுங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருக்கட்டும். ஒரு தம்ளர் நீரை இரண்டாலும் தனித்தனியே உறிஞ்சி, ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு நீருக்குப் பதில் கெட்டியான மோரை உறிஞ்சிப் பாருங்கள். உங்கள் கன்னம் படும் பாட்டைத்தான் இதயம் நாள் முழுதும் படுகிறது!

சிந்தியுங்கள்

1. குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் எத்தனையில் ஒரு பங்காகும்?

2. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகி எடுத்துச் செல்லும் வெப்பம், 60 கிலோ நீரின் வெப்பநிலையை எவ்வளவு உயர்த்தும்?

3. உங்கள் வீட்டில் இரத்தக்கொதிப்பு உள்ளவர் யார்? அவருடைய அழுத்தத்தைக் கடைசியாக அளந்தது எப்போது? இக்கேள்விக்கு இன்றே விடை காணுங்கள்.