கதவைச் சாத்திவிட்டு ஜெபியுங்கள்

பாளையங்கோட்டையில் சபைகளுக்குப் பஞ்சமில்லை. சபைக்குச் சபை பெண்கள் ஜெபக்கூட்டமும் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். பாட்டு, வேதபாடம், சாட்சி எல்லாம் முடிந்தபின் ஒரு அக்கா நோட்டைத் திறந்துகொண்டு, "யாருக்காவது பாரம் இருக்கா? ஜெபக்குறிப்பு சொல்லுங்க" என்பார். அந்த இடத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதிகாலையில் எழுவது, வேதம் வாசிப்பது, உபவாசம் இருப்பது எல்லாம் உங்களுக்கு ஓய்வுநாள் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வாயை எங்கே மூடிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

என் மகளுக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் கூடிவந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், இரண்டு வீட்டாருக்கும் பிடித்துவிட்டது, எந்த மாதம் ஆலயத்தில் கல்யாண ஓலை கூறலாம் என்பது வரை பேச்சு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் அவளுக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் சாப்பிடுகிற மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் காபி குடிக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வியாதி.

கூட்டத்தில் நான் சொன்னது இதுதான்: "மகளுக்குக் கல்யாணம் கூடிவருது. தைராய்டுக்கு மாத்திரை எடுக்கா. எல்லாம் நல்லபடியா நடக்க ஜெபம் பண்ணிக்கோங்க." நோட்டில் அது 'தைராய்டு கட்டி' என்று ஏறியது. நோட்டின் பக்கத்தை யாரோ படம் பிடித்து வாட்ஸாப்பில் போட்டார்கள். அங்கிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும்போது 'கழுத்தில் கட்டி, அறுவை சிகிச்சை, விசேஷமாக ஜெபிக்கவும்' என்று வளர்ந்து, வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகளும் சேர்ந்துகொண்டன. எங்கள் பக்கத்து நாசரேத் ஊரில் நடந்த முழு இரவு ஜெபமொன்றில் என் மகளின் பெயரும் அவள் அப்பா பெயரும் எங்கள் தெருப்பெயரும் மைக்கில் வாசிக்கப்பட்டன. அந்தக் கூட்டத்தில் மாப்பிள்ளைப் பையனின் அத்தை உட்கார்ந்திருந்தார்.

எனக்கு விஷயம் தெரிந்தது காய்கறிக் கடையில். "என்ன மைனி, பிள்ளைக்குத் தொண்டையில ஆப்ரேசனாமே? ஒரு வார்த்த சொல்லலியே" என்று ஒரு அம்மா கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். கேட்ட முகத்தில் கவலையைவிட ஆவல்தான் அதிகம். வீட்டுக்கு வந்து போனைத் துழாவியபோதுதான் அந்தப் படம் கிடைத்தது.

அதற்குப் பிறகு பையனின் அப்பா போன் செய்தார். "நாங்க குடும்பமா காத்திருந்து ஜெபிச்சோம்மா. கர்த்தர் எங்கள வேற விதமா நடத்துறாரு." இதற்கு என்ன பதில் சொல்வது? தைராய்டைப் பற்றிக் கேட்டிருந்தால் ரிப்போர்ட்டையே கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். கர்த்தர் பெயரைச் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச எந்தத் தாய்க்கு வாய் வரும்? வேண்டாம் என்று சொல்வது அவர்கள் உரிமை, நான் மறுக்கவில்லை. தங்கள் பயத்துக்குக் கர்த்தரிடம் கையெழுத்து வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தேவ நடத்துதல் எப்படியிருக்கும் என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள். பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்த்தார், தடுக்கப்பட்டார். பித்தினியாவுக்கும் வழி கிடைக்கவில்லை. துரோவாவில் இரவுத் தரிசனம் கண்டு மக்கெதோனியாவுக்குக் கப்பலேறினார். அங்கே பிலிப்பி பட்டணத்தில் அவருக்குக் கிடைத்தது அடியும் சிறையும். எங்கள் பக்கத்து நடத்துதல் மட்டும் எப்போது பார்த்தாலும் சௌகரியமான திசையிலேயே நடத்துகிறது. நகை குறைந்த வீட்டுப் பக்கம் அது திரும்பியதை நான் பார்த்ததே இல்லை.

"நீ ஏன் போய்ச் சொன்னே?" என்று என் நாத்தனார் இன்றைக்கும் கேட்கிறார். நான் சந்தையில் சொல்லவில்லை, ஆலயத்தில் சொன்னேன். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்று பிரசங்கம் பண்ணுகிற இடத்தில் சொன்னேன். அதில் குற்றமென்ன? ஆனாலும் அதன்பிறகு வேதத்தைப் புரட்டியபோது, முன்பு கண்ணில் படாத சில விஷயங்கள் பட்டன. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு ஜெபத்துக்குச் சொல்லும் இடம் உள்ளறை, அதுவும் கதவைச் சாத்திய உள்ளறை. அன்னாள் பிள்ளை கேட்டு ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. ஏலி அவளைக் குடிகாரி என்றே நினைத்துவிட்டார். அப்போதும் அவள் தன் மனக்கிலேசத்தைச் சொன்னாளே ஒழிய, கேட்டது பிள்ளை என்று அவரிடம் சொன்னதாக இல்லை. ராஜாவின் சொப்பனம் தெரியாவிட்டால் தலை போகும் என்ற நிலையில் தானியேல் ஜெபிக்கச் சொன்னது மூன்றே மூன்று சிநேகிதரிடம்.

பிரிஸ்டலில் 1836-இல் அநாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், இல்லத்துக்கு இன்னது வேண்டும் என்று எந்த மனிதரிடமும் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். ஆண்டறிக்கை அச்சிட்டு அனுப்புவதே ஒருவகையில் கேட்பதுதானே என்று அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு, அது வேறு விஷயம். நம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் அதே வழிதான். பணம் வேண்டும் என்று ஊரைக் கூட்டவில்லை. 1931-இல் கீழே விழுந்து அடிபட்டவர் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில் கிடந்தார். சுகத்துக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். ஒப்புக்கொடுத்தல் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது.

என் ஒப்புக்கொடுத்தல் அவ்வளவு பெரிதல்ல. போன் வந்த பிறகும் ரொம்ப நாள் அந்தப் பையன் மனசை மாற்றும்படியேதான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஜெபம் என்று பெயர், உள்ளே வழக்காடுதல். என் மகள் என்னைவிட முந்திக்கொண்டாள். மாத்திரை போட்டபின் காபிக்குக் காத்திருக்கிற அந்த அரை மணி நேரத்தை ஜெபத்துக்கென்று வைத்துக்கொண்டாள். போன் வேறு அறையில். பல் துலக்கி, மாத்திரையை விழுங்கி, ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்குப் பார்க்க வேண்டிய ஆட்களை ஒவ்வொருவராகச் சொல்வாள்: மேனேஜர், கடன் கட்டாமல் ஓடுகிற வாடிக்கையாளர், பஸ்ஸில் இடம் பிடிக்கிற அம்மா. கல்யாணத்தைக் கேட்பதே இல்லை. "நேத்தே குடுத்தாச்சும்மா. குடுத்தத திரும்பக் கேட்டு வாங்கி, மறுபடி குடுக்கவா?" என்றாள்.

எனக்கு அந்தப் பக்குவம் வர நாளானது. இப்போது செய்வதைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் காரியத்தை முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் கட்டாயம் வெளியூர்க்காரராக இருக்கட்டும். கூட்டத்தில் கேட்டால், "எங்க குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க" என்பதோடு நிறுத்துங்கள். "என்ன விஷயம்னு சொன்னாத்தானே பாரத்தோட ஜெபிக்க முடியும்?" என்று துருவுவார்கள். சிரித்துவிட்டு அடுத்த பாட்டு நம்பரைக் கேளுங்கள். யாராவது உங்கள் தலையில் கைவைத்து, கர்த்தர் இன்னார் மூலம் இன்னது சொல்கிறார் என்றால், கேட்டுக்கொள்ளுங்கள், நம்பத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. சொல்வதைச் சோதித்துப் பார் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியவர் பவுலே. முக்கியமாக, டாக்டரிடம் போவதையும் மாத்திரை சாப்பிடுவதையும் அவிசுவாசம் என்று சொல்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மகளுக்கு அடுத்த வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, காபித் தட்டைக் கீழே வைத்த கையோடு, மாத்திரை விஷயத்தை அவளே சொல்லிவிட்டாள். பையனின் அம்மா கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். அதே மாத்திரை, அவருடையது டோஸ் கூட. அந்தக் கல்யாணத்துக்காக எந்த நோட்டிலும் குறிப்பு எழுதவில்லை. ஆலயத்தில் ஓலை கூறியபோதுதான் சபைக்கே தெரியும். அதில் சிலருக்கு என்மேல் வருத்தம் என்று கேள்வி. இருக்கட்டும்.

ஜெபக்குறிப்பு எழுதுகிற அக்காமார்களுக்கு ஒரு விண்ணப்பம். பெயரை மட்டும் எழுதுங்கள். வியாதியும் வரனும் கடனும் கர்த்தருக்குத் தெரியும். கூட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். தயவுசெய்து போனில் படம் பிடிக்காதீர்கள்.