ஓட்டமும் உடல்நலமும்

கல்லூரியின் மெய்வல்லுநர் போட்டி நடைபெறும் நாளிற் பழைய மாணவர்க்கென ஓர் ஓட்டம் வைப்பது நெடுநாள் வழக்கம். வேட்டியை மடித்துக் கட்டியவரும் காற்சட்டையுடன் வந்தவருமாகப் பலர் வரிசையில் நிற்பர். வெடி தீர்ந்ததும் முதல் ஐம்பது யார் தூரம் எல்லாரும் பதினாறு வயதினராகவே ஓடுவர். அதன் பின்னரே வயது தன் கணக்கைக் கேட்கும். ஒருவர் தொடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்குவார். இன்னொருவர் எல்லையைக் கடந்து புல்லில் அமர்ந்து நெடுநேரம் பேசமாட்டார். மாணவர் கைகொட்டி நகைப்பர். யானும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவனே. பின்னொருமுறை தொடையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கியவனும் யானே.

அன்று அதனை வேடிக்கையாகவே கொண்டேன். ஆனால், பள்ளி நாளில் அஞ்சலோட்ட அணியில் எனக்குக் கோல் தந்து வந்த நண்பர் தமது 48ஆம் வயதில் மாரடைப்பினால் மறைந்தபோது அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. கல்லூரியை விட்டபின் அவர் ஒருநாளேனும் ஓடியதில்லை, யானும் ஓடியதில்லை. ஓட்டமென்றால் பந்தயம் என்றே நாங்கள் அறிந்திருந்தோம். ஆதலின் பந்தயம் முடிந்த அன்றே ஓட்டமும் முடிந்தது. வெல்லுதற்கன்றி வாழுதற்கென ஓடும் ஓட்டம் ஒன்று உண்டு என்பதும், அது மிகவும் மெதுவானது என்பதும் எங்கள் எண்ணத்தில் எழவேயில்லை. அவ்வோட்டத்தைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டேன்.

உடலுழைப்புக்கும் இருதய நோய்க்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டிய முன்னோடி ஆய்வு லண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ்களிலே நடைபெற்றது. வைத்தியர் ஜெரி மொறிஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் அவ்வாய்வின் முடிவை 1953ஆம் ஆண்டு 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டனர். பஸ் ஒன்றுக்குச் சாரதி ஒருவர், நடத்துநர் ஒருவர். இருவரும் ஒத்த குடும்பப் பின்னணியினர். ஒரே நிறுவனத்தின் ஊழியர். சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டு விற்பதற்காக நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 படிகள் ஏறுவார். நடத்துநரிடையே இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. வந்தபோதும் உடனடி மரணம் விளைவிப்பது குறைவாயிருந்தது. கடிதங்களைக் கொண்டு சென்று கொடுத்த தபாற்காரரையும், கந்தோரில் அமர்ந்து வேலை செய்த எழுதுவினைஞரையும் ஒப்பிட்டபோதும் முடிவு அவ்வாறே அமைந்தது.

பருத்தவரே சாரதி வேலையை நாடினர் போலும் என்று ஐயுறுவார் உண்டல்லவா? மொறிஸ் அதனையும் விட்டுவைக்கவில்லை. ஊழியர்க்கு வழங்கப்பட்ட சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து ஆராய்ந்தார். சாரதிகளின் இடுப்பு பெரிதாகவே இருந்தது. ஆயினும், மெலிந்த சாரதியும் மெலிந்த நடத்துநரிலும் கூடிய ஆபத்துக்கு உள்ளானமை பின்னர் தெரியவந்தது. காற்சட்டைக் கணக்கிலிருந்து இருதயத்தின் உண்மையைக் காண முயன்ற அந்த அறிவை எத்துணை வியந்தாலும் தகும். 1910இற் பிறந்த மொறிஸ் தாமும் ஓடியும் நீந்தியும் வந்து, 2009இல் தமது 99ஆம் வயதிலேயே காலமானார்.

படி ஏறும் தொழில் நம்மிற் பெரும்பாலார்க்கு இல்லை. மேசையடியிலும் மோட்டார் சைக்கிளிலும் நாள் கழிகிறது. அத்தகையோர் செய்யத்தக்கது யாதென்பதற்கு நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரிற் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த ஆதர் லிடியார்ட் விடை கண்டார். றக்பி விளையாடி வந்த அவர், தம்மை நல்ல தேகபலமுடையவர் என்றே நம்பியிருந்தார். ஒருநாள் தம்மிலும் மூத்த நண்பர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடியபோது மூச்சுத் திணறிப் போயிற்று. இப்பொழுதே இவ்வாறாயின் நாற்பத்தேழு வயதில் என்னாகும் என அஞ்சி, தம் உடலையே ஆய்வுகூடமாக்கிப் பல ஆண்டுகள் பலவகைத் தூரமும் வேகமும் ஓடிப் பார்த்தார். நெடுந்தூரத்தை இயல்பான வேகத்தில் ஓடுவதே அடித்தளம் என்பது அவர் கண்ட முடிவு.

1960ஆம் ஆண்டு றோம் ஒலிம்பிக்கில் அம்முடிவு உலகறிய நிலைநாட்டப்பட்டது. செப்ரெம்பர் 2ஆந் திகதி, ஒரே பிற்பகலில், அவருடைய மாணாக்கரான பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மறி ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கப் பதக்கம் பெற்றனர். ஹல்பேர்க்கின் இடக்கை றக்பி விளையாட்டில் நேர்ந்த விபத்தினாற் செயலிழந்திருந்தது. இரண்டு நிமிடத்துக்குள் முடியும் 800 மீற்றர் ஓட்டத்துக்கு ஆயத்தமாகிய சினெலும் ஞாயிறுதோறும் 22 மைல் மலைப்பாதையில் ஓடினார். அக்காலப் பயிற்றுநர் பலர்க்கு இது விந்தையாகவே தோன்றியிருக்கும்.

எனினும், பதக்கங்களைக் காட்டிலும் 1962இல் ஒக்லண்டில் தோன்றிய மெதுவோட்டக் கழகமே என் மனத்தைக் கவர்ந்தது. வயது வந்த வணிகரும், மாரடைப்பிலிருந்து மீண்டவரும் லிடியார்டின் அறிவுரைப்படி கூட்டமாக, பேசிக்கொண்டே ஓடினர். அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன் அங்கு சென்றார். ஐம்பதைத் தாண்டிய அவரும் தம்மைத் திடகாத்திரர் என்றே எண்ணியிருந்தார். ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்திற் பின்தங்கிவிட்டார். முன்பு மாரடைப்புக்கு உள்ளானவரும் எழுபதைக் கடந்தவருமான ஒரு முதியவரே அவர்க்குத் துணையாகப் பின்தங்கி, கதை சொல்லிக்கொண்டு உடன் ஓடினாராம். ஊர் திரும்பிய பவர்மன் 1963இல் ஒறிகன் மாநிலத்து யூஜீன் நகரில் பொதுமக்களுக்கு மெதுவோட்டம் பயிற்றத் தொடங்கினார். இருதய வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய நூல் 1967இல் வெளிவந்து நாடெங்கும் பரவியது.

மெதுவாக ஓடுவதால் உடலில் நிகழ்வது யாது? ஓய்விலிருக்கும்போது இருதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, துடிப்பொன்றுக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியை வெளியேற்றும்; ஆக, நிமிடத்துக்கு ஐந்து லீற்றர். கடுமையாக உழைக்கும்போது இது நான்கு மடங்காகும். பல மாதங்கள் மெதுவாக ஓடிவருபவரின் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடிய குருதியை அனுப்பப் பழகுகிறது. அதனாலேயே அவருடைய ஓய்வு நாடித்துடிப்புக் குறைகிறது. தசைகளினுள்ளே மயிர்க்குழாய்கள் பெருகுகின்றன. ஒட்சிசனைக் கொண்டு சக்தி பிறப்பிக்கும் இழைமணிகளும் பெருகுகின்றன. இம்மாற்றங்கள் நிகழ மூச்சிரைக்க ஓடவேண்டுவதில்லை. இதுவே என்னைப் போன்றோர் அறியாதிருந்த செய்தி.

வேகம் சரிதானா என அறிவதற்குக் கருவி வேண்டாம். உடன் ஓடுபவரோடு ஒரு வசனத்தை இடையில் மூச்சு வாங்காமற் சொல்ல முடியுமாயின் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு மேல் வாராதெனின் குறைத்தல் வேண்டும். எண்ணாற் கணிக்க விரும்புவோர் 220இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் நூற்றுக்கு 60 முதல் 75 வரை கொள்ளலாம். ஐம்பது வயதினர்க்கு அது நிமிடத்துக்கு 102 முதல் 128 வரையான துடிப்பாகும். இது பருமட்டான கணக்கு. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறுபடும். பேச்சுச் சோதனையையே யான் நம்புகிறேன்.

யான் மீண்டும் ஓடத் தொடங்கியபோது செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே பழைய ஒரு மைல் வேகத்தை நினைந்து ஓடினேன். இரண்டாம் வாரத்திற் கெண்டைத்தசை பிடித்து, ஒரு மாதம் நொண்டினேன். இருதயமும் தசையும் சில வாரங்களில் இசைந்துவிடும். எலும்பும் குதிகாலின் மேலுள்ள நாணும் உறுதிபெறப் பல மாதங்கள் செல்லும். மூச்சு இடங்கொடுக்கிறதே என ஓடுபவனின் கால் பழுதாவது இதனாலேயே.

ஆகவே, வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குக. முதலில் ஐந்து நிமிடம் நடந்து, பின் ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக எட்டு முறை. இரண்டு வாரம் இவ்வாறே. அடுத்த இரு வாரங்களில் இரண்டு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கலாம். அதன் பின் ஐந்து நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. அதன் பின் பத்து நிமிட ஓட்டம். எட்டு வாரம் கழிந்து ஒன்பதாம் வாரத்தில் இருபது நிமிடம் இடைவிடாது மெதுவாக ஓடமுடிந்தாற் போதும். முடியாவிடின் முந்திய வாரத்தை மறுபடி செய்வதில் இழுக்கில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தோர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அன்றேல் 75 முதல் 150 நிமிடக் கடுமையான உழைப்பு வேண்டும். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வாரத்தில் இரு நாள் வேண்டும். இதற்குக் கதிரையிலிருந்து கை ஊன்றாது பத்துமுறை எழுந்து அமர்வதும் நல்ல தொடக்கமே.

நம் நாட்டில் வெயிலே பெரிய தடை. சூரியன் எழுமுன் ஓடி முடிப்பது நன்று. வெக்கை மிகுந்த நாளில் அதே வேகத்துக்கு இருதயம் கூடுதலாகத் துடிக்கும். அன்று வேகத்தைக் குறைக்கவேண்டுமேயன்றித் தன்னைக் குறைகூறவேண்டியதில்லை. தார் றோட்டிலும் ஒழுங்கையின் மண்ணே காலுக்கு இதமானது. இருளிற் கட்டாக்காலி நாய்கள் துரத்துமாயின் ஓட்டத்தை நிறுத்தி நடத்தல் வேண்டும். ஓடுவதைக் கண்டே அவை துரத்துகின்றன. இவ்வொரு காரியத்தில் மட்டும் பழைய வேகத்தை நம்புதல் ஆகாது.

நாற்பதைக் கடந்து நெடுநாள் ஓடாதிருந்தோரும், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ உடையோரும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நேர்ந்தோரும் வைத்தியரைக் கண்டபின்னரே தொடங்குதல் வேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்று என்பன தோன்றின் அக்கணமே நின்று வைத்தியசாலைக்குச் செல்லுக. வாயுக்கோளாறு எனச் சொல்லி வீட்டிற் படுத்திருத்தலாகாது. என் நண்பர் அன்று காலை அவ்வாறே படுத்திருந்தார்.

காய்ச்சல் உள்ள நாளிலும் ஓடலாகாது. சில வைரசுகள் இருதயத் தசையையும் தாக்குவனவாதலால், காய்ச்சல் விட்டபின்னும் சில நாள் ஓய்ந்திருந்து, நடையிலிருந்தே மீண்டும் தொடங்குக.