நாளை என்னும் சூது



சூதாட்டம் ஹராம் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆன்லைன் ரம்மி போன்ற ஆட்டங்களைக் கட்டுப்படுத்த, நீதியரசர் கே.சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு, தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றின் மீதான தடையை அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமல், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

சட்டம் கடையை மூடலாம். ஆனால் ஆடியவர் வீட்டுப் பீரோவில் பிரிக்கப்படாமல் கிடக்கும் கடிதங்களை அது பிரித்துத் தராது. ஆட்டத்தை விட்டுவிட்ட ஒருவருக்கு அதற்குப் பிறகு வரும் சோதனையைப் பற்றியே இந்தப் பாடம்.

தள்ளிப்போடுவது ஏன்?

ஒரு சகோதரர் செயலியை அழித்துவிட்டார்; தவ்பாவும் செய்துவிட்டார். மனைவியின் நகை அடகில் இருக்கிறது. ஏல நோட்டீஸ் வந்திருக்கிறது. மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார். வாரம் மாதமாகிறது. நோட்டீஸைப் பிரித்து, கடன் கொடுத்த இடத்துக்கு நேரில் போயிருந்தால் ஏலத்துக்கு முன் தவணை கேட்டிருக்கலாம். பிரிக்காததால் நகையே போகிறது.

இதைப் பார்த்து வீட்டார் "சோம்பேறி" என்பார்கள். பெரும்பாலும் இது சோம்பல் அல்ல, பயமும் வெட்கமும்தான். உறையைப் பிரித்தால் தொகை தெரியும். தொகை தெரிந்தால் நெஞ்சு பதறும். மூடி வைத்தால் அந்த நேரத்துக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காக மறுநாளும் மூடி வைக்கிறோம். இதற்குள் கடன் வளர்கிறது, பயமும் வளர்கிறது. கடைசியில், "ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம்" என்ற எண்ணம் வருகிறது. விட்ட ஆட்டத்துக்குத் திரும்பும் வழி இதுதான். இன்று செய்ய வேண்டியதை விட்டுவிட்டு நாளைய அதிசயத்தை நம்பச் சொல்வது சூது. தள்ளிப்போடுதலும் அதையே சொல்கிறது.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சூதாட்ட அடிமைத்தனத்தைச் சேர்த்திருக்கிறது. ஆகவே மருத்துவ உதவி நாடுவது ஈமானின் குறைவு ஆகாது.

மார்க்கம் கற்றுத்தருவது

அல்பகரா 219ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் பயனைவிடப் பாவமே பெரிது என்று உணர்த்தியது. பின்னர் அல்மாயிதா 90, 91 வசனங்கள் இரண்டையும் முற்றாக விலக்கின. தடை வந்த செய்தி காதில் விழுந்ததும் மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டதை ஹதீஸ்கள் கூறுகின்றன. இருப்பதை முடித்துவிட்டு நாளை முதல் விடுகிறோம் என்று அந்த ஸஹாபாக்கள் சொல்லவில்லை.

நற்காரியத்தைப் பிறகு பிறகு என்று ஒத்திப்போடுவதை நம் ஆலிம்கள் 'தஸ்வீஃப்' என்று பெயரிட்டு எச்சரித்துள்ளனர். அல்கஹ்ஃபு 23, 24 வசனங்களும் நினைக்கத்தக்கவை. நாளை செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்த்துச் சொல்லும்படி அவை கற்பிக்கின்றன. நம்மில் சிலரோ செய்ய மனமில்லாத வேலைக்குத்தான் "இன்ஷா அல்லாஹ்" சொல்கிறோம். அது உறுதியோடு சொல்ல வேண்டிய சொல். தப்பிக்கும் சொல் அல்ல.

செய்ய வேண்டியவை

1. கடனை எழுதுங்கள். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எதை அடகு வைத்து என்று ஒரே தாளில் எழுதுங்கள். தனியாக எழுதப் பயமாக இருந்தால் மனைவியையோ அண்ணனையோ அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் நாளில் எதையும் அடைக்க வேண்டாம், எழுதினாலே போதும்.

2. ஒரு தொழுகைக்குப் பின் ஒரு வேலை. "கடனைத் தீர்ப்பேன்" என்பது பெரிய மலை. "நாளை ஃபஜ்ருக்குப் பின் நோட்டீஸைப் பிரிப்பேன், லுஹருக்கு முன் வங்கிக்குப் போவேன்" என்பது ஒரு படி. நேரமும் இடமும் குறித்த வேலை நழுவுவது குறைவு. பத்து நிமிடம் மட்டும் என்று தொடங்குங்கள்.

3. வழியை அடையுங்கள். ஏ.டி.எம். அட்டையும் சம்பளக் கணக்கும் சில காலம் வீட்டில் நம்பிக்கையானவர் பொறுப்பில் இருக்கட்டும். கடன் செயலிக்காரர்கள் மிரட்டினால் ஒளிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் முறையிடுங்கள்.

4. ஒன்றை மட்டும் தள்ளிப்போடுங்கள். ஆட வேண்டும் என்ற வேட்கை எழும்போது, "அரை மணி நேரம் கழித்துப் பார்க்கலாம்" என்று சொல்லி, ஒளூச் செய்துவிட்டு வெளியே நடங்கள். யாரையாவது போனில் கூப்பிடுங்கள். வேட்கை அலைபோல் எழும்பித் தணியும். கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள், வேட்கையைத் தள்ளிப்போடுங்கள்.

5. சறுக்கினால் அன்றே சொல்லுங்கள். "போனது போகட்டும், அடுத்த மாதம் முதல் சரியாக இருக்கிறேன்" என்பது இன்னும் முப்பது நாள் ஆடுவதற்கான அனுமதி.

தூக்கம் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவைக் கேட்டுச் செல்லுங்கள்.

வீட்டாருக்கும் ஜமாஅத்துக்கும்

மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்து, அதைப் பற்றிப் பேச்சே இல்லாமல் மூடிவிடுவது பல நேரம் மறுபடி ஆடவே வழி செய்கிறது. உதவும் பணத்தை அவர் கையில் தராமல் கடன் கொடுத்தவரிடமே நேராகச் செலுத்துங்கள். சிறு தவணையை அவரே உழைத்துக் கட்டட்டும். உறவினர் கூடிய இடத்தில் பழையதைச் சொல்லிக் காட்டாதீர்கள். அவர் வாய் திறந்து உண்மை சொல்லும் நாளில் வீட்டில் கூச்சல் எழுந்தால், அடுத்த உறையும் பீரோவுக்குள் போய்விடும்.

கடன் கொடுத்தவர்களும், கஷ்டப்படுபவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்லும் அல்பகரா 280ஆம் வசனத்தை நினைவுகூர வேண்டும். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். சூதினால் கடன்பட்டு தவ்பா செய்தவருக்கு அதில் எந்த அளவு இடமுண்டு என்பதை ஊர் ஆலிமிடம் கேட்டுச் செயல்படலாம்.

இதை வாசிக்கும் வீடுகளில் பிரிக்காத ஓர் உறை இருக்கலாம். அடுத்த தொழுகை முடிந்ததும் அதை எடுத்து, நம்பிக்கையான ஒருவர் முன்னால் பிரியுங்கள். அன்றைய வேலை அவ்வளவுதான். விட்டதை விட்டபடியே நிலைத்திருக்கவும், கடனின் பாரத்திலிருந்து விடுபடவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.